குட்டி சாப்பிடாத மூன்று நாட்கள்

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஓர் அட்டவணை ஒட்டியிருந்தேன். காலை ஐந்தே காலுக்கு ராகிக் கூழ், மதியம் மூன்றேகாலுக்குச் சோறும் வேகவைத்த கோழியும், இரவு எட்டுக்குத் தயிர்ச்சோறு. நடுவில் எதுவும் கிடையாது. 'எதுவும்' என்ற சொல்லுக்குக் கீழே சிவப்புப் பேனாவால் இரண்டு கோடுகள். ஐந்து மாத நாய்க்குட்டிக்கு இவ்வளவு சட்டதிட்டமா என்று என் கணவர் சிரிப்பார். நான் ஓசூரில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் குவாலிட்டி செக்‌ஷனில் இருக்கிறேன். ஒரு போல்ட்டின் தலை நூலளவு தடித்திருந்தாலும் அதை எடுத்துச் சிவப்புத் தொட்டியில் போடுவதுதான் எனக்குச் சம்பளம் வாங்கித் தரும் வேலை. அந்தப் புத்தி வீட்டுக்கும் வந்துவிட்டது.

குட்டியைக் கம்பெனி கேன்டீனுக்குப் பின்னால்தான் கண்டெடுத்தேன். பழுப்பு நிற நாட்டு நாய், முன்னங்கால் இரண்டும் மட்டும் வெள்ளை. பெயர் வைப்பதில் எங்களுக்குள் ஒத்துப்போகாததால் 'குட்டி' என்றே நிலைத்துவிட்டது. கீழ்வீட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்கார அக்கா மட்டும் கன்னடத்தில் 'மரி' என்பார். அதற்கும் குட்டி என்றுதான் அர்த்தம். அவருக்கு ஐம்பது வயதிருக்கும். வேப்பனப்பள்ளிப் பக்கம் அவர்களுக்கு மாந்தோப்பு உண்டு. பருவம் வந்துவிட்டால் கணவர் தோப்போடு தங்கிவிட, இவர் தாமே வேன் ஓட்டிப்போய்ப் பழக்கூடைகளை ஏற்றி வருவார். வீட்டில் கன்னடம், தோப்பாட்களிடம் தெலுங்கு, எங்களிடம் தமிழ். ஒரே போன் பேச்சில் மூன்றும் வந்துபோகும்.

குட்டியைக் கொண்டுவந்த அன்றே அவரிடம் சொல்லிவிட்டேன்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. இவனுக்கு நீங்க எதுவும் குடுத்துராதீங்க. வயித்துக்குச் சேராது."

"நான் எதுக்கும்மா குடுக்கறேன்? உன் நாயி, உன் கணக்கு" என்றார்.

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை. நானும் கணவரும் வேறு வேறு கம்பெனி என்றாலும் அந்த வாரம் இருவருக்கும் முதல் ஷிப்ட். மூன்று மணிக்கு நான் மாடிப்படி ஏறும்போது குட்டி வழக்கமாகக் கதவை உள்ளிருந்து பிறாண்டுவான். அன்று சத்தமே இல்லை. கதவைத் திறந்தால், கட்டிலுக்கடியில் முதுகை வளைத்துக் கூனிப்போய் உட்கார்ந்திருந்தான். தரையில் மூன்று இடங்களில் மஞ்சளாக வாந்தி. சோற்றையும் கோழியையும் வைத்தேன். முகர்ந்துகூடப் பார்க்காமல் தலையைத் திருப்பிக்கொண்டான். கோழி வாசனை வந்தால் என் காலிலேயே ஏறி நிற்கிற பயல் அவன்.

கணவர் வந்ததும் குட்டியைத் துண்டில் சுற்றி ஸ்கூட்டரில் பக்கத்துக் கிளினிக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்த டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். குட்டிகளைக் கொல்கிற பார்வோ காய்ச்சலாக இருக்குமோ என்று ஒரு பரிசோதனை செய்தார். இல்லை என்று வந்தது. வாந்தி நிற்க ஊசி போட்டு, சலைன் ஏற்றினார்.

"வெளியில எதையாவது தின்னிருக்குமா?" என்று கேட்டார்.

"சான்ஸே இல்ல டாக்டர்" என்றேன். அதோடு விட்டேனா? போனை எடுத்து, ஃபிரிட்ஜ் கதவின் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். அவர் மரியாதையாகப் பார்த்துவிட்டு, "நல்லா மெயின்டெய்ன் பண்றீங்க" என்றார். எனக்கு அந்த நிலையிலும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

ஞாயிறு காலை நிலைமை மோசமாகிவிட்டது. குடித்த தண்ணீர் அப்படியே திரும்பி வந்தது. காது மடல் சில்லென்றிருந்தது. கூப்பிட்டால் கண்ணை மட்டும் உருட்டிப் பார்த்தான். மறுபடி அதே கிளினிக்குக்கு ஓடினோம். எக்ஸ்ரே எடுத்தார்கள். குடலில் காற்று சேர்ந்திருப்பது தெரிந்தது, காரணம் தெரியவில்லை. "ஸ்கேன் பாக்கணும். தேவைப்பட்டா ஆபரேஷனும் உடனே பண்ற இடமா இருக்கணும். கர்நாடகா பக்கம், அத்திப்பள்ளி தாண்டி ஒரு ஆஸ்பத்திரி இருக்கு, இன்னைக்கே போயிருங்க" என்று டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

வீட்டு வாசலில் நின்றுகொண்டு ஆட்டோவில் போவதா, வாடகைக் காரா என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது அக்கா வெளியே வந்தார். என் கையில் இருந்த துண்டை விலக்கிப் பார்த்தார்.

"ஏனாய்த்து மரி? பாப, பாப" என்றார். ஏனாய்த்து என்றால் என்ன ஆச்சு. பாவம் என்பதைக் கன்னடத்தில் 'பாப' என்றுதான் சொல்வார்கள். ஓசூருக்கு வந்த புதிதில், இவர் ஏன் எல்லோரையும் பாப்பா என்கிறார் என்று குழம்பியிருக்கிறேன்.

விஷயத்தைச் சொன்னோம். "அத்திப்பள்ளி தாண்டியா? அங்க போயி கன்னடம் தெரியாம என்னா பேசுவீங்க? இருங்க, வண்டி எடுக்கறேன்" என்று உள்ளே போய்ச் சாவியோடு வந்தார்.

"அக்கா, அங்க எல்லாருக்கும் தமிழ் தெரியும்க்கா" என்றார் கணவர்.

"தெரியும். வியாதியப் பத்திப் பேசறதுக்கு அந்தத் தமிழ் போதாது. ஏறுங்க."

வேனின் பின்பக்கம் காலியான பழக்கூடைகளும் வைக்கோலும் கிடந்தன. வண்டி முழுக்கப் பழுத்த மாம்பழ வாசனை. கூடைகளுக்கு நடுவே நான் சப்பணமிட்டு உட்கார்ந்து குட்டியை மடியில் வைத்துக்கொண்டேன். சிப்காட்டைத் தாண்டி, ஜூஜுவாடியில் லாரிகளுக்குப் பின்னால் வண்டி நின்றுவிட்டது. முன்னால் ஒரு கன்டெய்னர், பக்கத்தில் ஒரு கன்டெய்னர். அக்கா ஆரனை அழுத்தியபடி மூன்று மொழிகளிலும் அந்த டிரைவர்களைத் திட்டினார். குட்டியின் விலா எலும்பு மேலும் கீழும் அசைவதை மட்டும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அசைவு கொஞ்சம் தாமதமானால் என் மூச்சும் நின்றது. எனக்கு அழுகை முட்டியது. ஆனால் மேடு பள்ளத்தில் வண்டி குதிக்கும்போதெல்லாம் ஒரு கூடை என் தலையில் வந்து கவிழ்ந்ததால் ஒழுங்காக அழவும் முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு இளவயது டாக்டர். கண்ணாடி போட்டு, மிகவும் அமைதியாக இருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா கன்னடத்தில் ஆரம்பித்துவிட்டார். கையை ஆட்டி, வயிற்றைத் தொட்டுக் காட்டி, வாந்தி எடுப்பதுபோல் குனிந்துகூடக் காட்டினார். ஆறு வருடம் ஓசூரில் இருந்தும் எனக்குத் தெரிந்த கன்னடம், சாப்பிட்டாச்சா என்று கேட்கிற 'ஊட்டா ஆய்த்தா'வோடு சரி. வாந்தி, சலைன், எக்ஸ்ரே வரைக்கும் சைகையில் புரிந்தது. அதற்குப் பிறகு அக்காவின் குரல் இறங்கியது. 'மாவின' என்ற சொல் இரண்டு தடவை வந்தது. ராகி மாவுக் கூழைப் பற்றிச் சொல்கிறார் போலிருக்கிறது என்று நானும் தலையாட்டினேன். 'வாட்டே' என்று ஏதோ சொன்னார். அதற்கும் தலையாட்டினேன்.

டாக்டர் பொறுமையாகக் கேட்டு முடித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, சுத்தமான நம் ஊர்த் தமிழில், "அப்ப தெனமும் மதியம் மாங்கொட்டை சப்பக் குடுத்திருக்கீங்க, அப்படித்தானுங்களே?" என்றார்.

அவர் சொன்ன 'மாவின' மாவு இல்லை, மாம்பழம்; 'வாட்டே' அதன் கொட்டை. அக்காவின் முகம் சிவந்துவிட்டது.

"டாக்டர், நீங்க தமிழா?" என்றார் கணவர்.

"நமக்குக் காவேரிப்பட்டணம்ங்க. இந்தம்மா நல்லா வேகமாப் பேசினாங்க, குறுக்க வேண்டாம்னு விட்டுட்டேன்." பிறகு என்னிடம், "மாங்கொட்டை எக்ஸ்ரேல தெளிவாத் தெரியாதுங்க. கட்டையும் அப்படித்தான். இந்த விஷயம் மட்டும் சொல்லலன்னா இன்னும் ரெண்டு டெஸ்ட் எழுதிக்கிட்டு உட்கார்ந்திருப்போம். வாங்க, ஸ்கேன் பாத்துடலாம்" என்று குட்டியைத் தூக்கினார்.

திரையில் எனக்கு எல்லாம் மேகமூட்டமாகவே தெரிந்தது. டாக்டர் ஓரிடத்தில் நிறுத்தி விரலால் காட்டினார். வெள்ளையாக, வளைந்து ஒரு கோடு. அதற்குக் கீழே கறுப்பு நிழல். "அதாங்க. குடல்ல சிக்கியிருக்கு. இன்னைக்கே எடுத்துடணும். நாள் போனா குடல் அழுகிடும். இப்பவே பண்ணினா பொழைக்க நல்ல வாய்ப்பு இருக்கு."

கையெழுத்துப் போட்டேன். குட்டியின் வயிற்று முடியைச் சிரைத்து உள்ளே கொண்டுபோனார்கள். கதவு மூடும்போது அவன் தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு சின்ன ஓட்டல். பை-டூ காபி சொல்லி, ஒன்றை இரண்டாகப் பிரித்து நானும் அக்காவும் வைத்துக்கொண்டோம். கணவர் எதுவும் வேண்டாமென்று வாசலில் நின்றார். அக்கா டம்ளரைத் தொடவே இல்லை.

"ஏன்க்கா எங்கிட்ட சொல்லல?" என்றேன். கோபமாகக் கேட்க நினைத்தேன். குரல் அப்படி வரவில்லை.

"என்னான்னு சொல்றது? நீங்க ரெண்டு பேரும் விடியறதுக்கு முன்ன போயிடறீங்க. ஒம்போது மணி ஆச்சுன்னா அது மேல கத்த ஆரம்பிச்சிடும். தெருவே கேக்கும். உங்கிட்ட சாவி இருக்குது, எங்கிட்டயும் ஒரு சாவி இருக்குது. கூட்டினு வந்து எங்கூட உக்கார வச்சிக்குவேன். நான் டிவி பாத்தா அதுவும் பாக்கும். மதியானம் நான் பழம் சாப்டா என் வாயையே பாக்கும். கொட்டைய நக்க விட்டு வாங்கிடுவேன்மா. முழுங்க விடமாட்டேன். எப்ப ஏமாந்தேன்னு தெரியல. நேத்து நான் தோட்டத்துக்குப் போயிட்டேன், கூட்டினு வரவே இல்ல."

"அப்பயே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ அந்தப் பேப்பரக் காட்டுவ."

உண்மையில் காட்டியிருப்பேன்.

"தமிழ்ல சொல்ல வாய் வரலம்மா" என்றார் பிறகு. "நீ பக்கத்துல நிக்கற. கன்னடத்துல சொன்னா டாக்டருக்கு மட்டும் தெரியும்னு பாத்தேன். அந்தப் பையன் இப்படிப் போட்டு உடைப்பான்னு யாருக்குத் தெரியும்?"

நான் சிரித்துவிட்டேன். குட்டி உள்ளே மயக்கத்தில் கிடக்கும்போது சிரிப்பு வருகிறதே என்று குற்ற உணர்வாகவும் இருந்தது. ஆனால் அடக்க முடியவில்லை. அக்காவும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். நான் கம்பெனியில் போல்ட்டுகளை அளந்துகொண்டிருந்த நேரத்தில், குட்டி கீழ்வீட்டு சோபாவில் கன்னட சீரியல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். எனக்குத் தெரியாமல் அவனுக்கு இன்னொரு வீடு இருந்திருக்கிறது. அது எனக்கு வலிக்கும் என்று நினைத்தேன். நிம்மதியாகத்தான் இருந்தது.

ஒன்றரை மணி நேரம் கழித்து டாக்டர் வெளியே வந்தார். "நல்லா முடிஞ்சுதுங்க. குடல் கெடல. மயக்கம் தெளிஞ்சுட்டு இருக்கு" என்றவர், "இதாங்க ஆளு" என்று ஒரு ஸ்டீல் தட்டை நீட்டினார். அதில் நீளமாக, பழுப்பேறி, ஓரம் கடிபட்ட ஒரு மாங்கொட்டை.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அக்கா திருப்பவில்லை. தட்டைக் கையிலேயே வாங்கி, ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முதுகு நிமிர்ந்தது.

"இது எங்களுது இல்ல" என்றார்.

"என்னக்கா சொல்றீங்க?"

"எங்க தோட்டத்துல பூரா செந்தூரா. அந்தக் கொட்டை சின்னதா, குண்டா இருக்கும். இத பாரு, நீளம். தட்டை. இது பெங்களூரா. நீங்க கிளிமூக்குன்னு சொல்வீங்களே, அது. எங்க வீட்டுக்குள்ள இந்த வருஷம் ஒரு பெங்களூராகூட வரல."

டாக்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். மாந்தோப்புகள் நிறைந்த காவேரிப்பட்டணத்துக்காரர் அல்லவா? "ஆமாங்க, கிளிமூக்குதான்" என்று அவரும் சான்று கொடுத்துவிட்டார்.

நானும் அக்காவும் டாக்டரும் ஒரே நேரத்தில் என் கணவரைப் பார்த்தோம். ஏன் அவரைப் பார்த்தோம் என்றால், அவர் எங்கள் யாரையும் பார்க்காமல் சுவரில் இருந்த பூனைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க?"

"வியாழக்கிழம கிருஷ்ணகிரி போயிட்டு வந்தேன்ல... குருபரப்பள்ளி ரோட்டோரத்துல நல்லாருந்துச்சுன்னு வாங்கினேன்."

"சரி."

"மொட்டமாடில உட்காந்து மொளகாப்பொடி போட்டுச் சாப்பிட்டேன். கொட்டைய பேப்பர்ல வச்சேன். அப்பறமா எடுத்துப் போடலாம்னு..."

"போட்டீங்களா?"

"போன் வந்துச்சு."

எனக்கு ஞாபகம் வந்தது. வியாழன் சாயந்திரம் மொட்டைமாடிக்குத் துணி எடுக்கப் போனபோது, மிளகாய்ப்பொடி ஒட்டிய வெறும் செய்தித்தாள் கிடந்தது. பரவாயில்லையே, இந்த மனுஷர் இன்றைக்காவது குப்பையை எடுத்துப் போட்டிருக்கிறாரே என்று மெச்சிக்கொண்டே மடித்து வைத்தேன். காலைச் சுற்றிக்கொண்டு குட்டி நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டிருந்தான். நானும் குனிந்து தடவிக்கொடுத்துவிட்டு வந்தேன். இதை அங்கேயே சொல்லிவிட்டேன். என் கணவர் அன்று ஒருநாளும் இல்லாத அன்போடு என்னைப் பார்த்தார்.

அக்கா தட்டை டாக்டரிடம் திருப்பிக் கொடுத்து, இப்போதுதான் பசி எடுக்கிறது என்று சொல்லி, ஓட்டலுக்குப் போய்த் தனியாக ஒரு மசால் தோசை சாப்பிட்டுவிட்டு வந்தார்.

திங்கட்கிழமை முழுக்கக் குட்டி ஆஸ்பத்திரியில் சலைனோடு கிடந்தான். வாய்வழியாக ஒன்றும் கூடாது என்றார்கள். நான் லீவு போட்டுக் கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மதியம்போல வாலின் நுனி மட்டும் இரண்டு தடவை தரையைத் தட்டியது. செவ்வாய்க்கிழமை வடிகட்டிய கஞ்சித் தண்ணீரை ஊசிக்குழாயில் எடுத்துக் கடைவாயில் விட்டார்கள். முதல் துளிக்கு யோசித்தான், இரண்டாவதை விழுங்கினான், மூன்றாவதற்குக் குழாயையே கடித்தான். "இனி கவலையில்லீங்க" என்று டாக்டர் சிரித்தார். புதன்கிழமை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒன்று மட்டும் கவனிக்கச் சொன்னார்: குடல் சரியாக வேலை செய்கிறதா என்பது அவன் வெளிக்குப் போனால்தான் தெரியும்.

தையலை நக்கக்கூடாதென்று கழுத்தைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் கூம்பு மாட்டியிருந்தார்கள். வீட்டுக்கு வந்த ஒரு மணி நேரத்தில் கதவில் இடித்து உடைத்துவிட்டான். கணவர் மறுநாள் தன் கம்பெனி பேக்கிங் பகுதியில் சொல்லி, கழிவில் கிடந்த நீலநிறப் பிளாஸ்டிக் அட்டையை வெட்டிப் புதிதாக ஒன்று கொண்டுவந்தார். அதில் பெரிய எழுத்தில் 'கவனமாகக் கையாளவும்' என்று அச்சாகியிருந்தது. ஒரு வாரம் அந்த எழுத்தோடுதான் குட்டி வீட்டைச் சுற்றினான்.

பகலில் அக்கா பார்த்துக்கொண்டார். இந்த முறை எனக்குத் தெரிந்தே. ஆனால் ஆபரேஷன் பயம் அவரை விடவில்லை. எதைக் கொடுக்கும் முன்பும் எனக்கு ஒரு படமும் குரல் செய்தியும் அனுப்பிவிடுவார். "ரெண்டு ஸ்பூன் மோர் குடுக்கட்டா? சூடு இல்ல, நான் குடிச்சிப் பாத்துட்டேன்." எங்கள் லைனில் போன் வைத்துக்கொள்ளக் கூடாது. சாப்பாட்டு இடைவேளையில்தான் லாக்கரைத் திறந்து பார்ப்பேன். வெள்ளிக்கிழமை திறந்தபோது பதினோரு செய்திகள். கேன்டீனில் சாம்பார்சாதத்தை ஒரு வாய் வைத்தபடி கடைசிப் படத்தைத் திறந்தேன். கீழ்வீட்டுச் செம்பருத்திச் செடிக்கடியில், நல்ல வெளிச்சத்தில், மிகத் தெளிவாக, குட்டி வெளிக்குப் போனது. கீழே அக்காவின் குரல்: "பாரும்மா! கெட்டியா இருக்குது!"

நான் "போயிட்டான்!" என்று கத்தியேவிட்டேன். பக்கத்து மேசைப் பெண்கள் பதறி எழுந்து, யாருக்கு என்ன ஆச்சு என்று சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி என் கையைப் பிடித்து ஆறுதல் சொல்லவே ஆரம்பித்துவிட்டாள். விளக்கம் சொல்லிப் படத்தைக் காட்டினேன். அந்த மேசையில் அதற்குப் பிறகு யாரும் சாம்பார்சாதத்தைத் தொடவில்லை. ஆனாலும் எல்லோரும் கைதட்டினார்கள்.

ஆபரேஷன் முடிந்து பதினான்காம் நாள் தையல் பிரித்தார்கள். அன்று ஞாயிற்றுக்கிழமை. திரும்பி வரும் வழியில் அக்கா வீட்டுப் பக்கம் திருப்பாமல் வேனை நேராகக் கெலவரப்பள்ளி அணைக்கு விட்டார். "மரி இவ்ளோ தண்ணி எப்ப பாத்திருக்குது? காட்டலாம்" என்றார். முந்தின நாள் மழை பெய்திருந்ததால் மதகிலிருந்து தண்ணீர் வேகமாக இறங்கி, கீழே பெங்களூர்க் கழிவு கலந்த நுரை வெள்ளை வெள்ளையாகப் பொங்கிக்கொண்டிருந்தது. தண்ணீரை விட்டுத் தள்ளி, சாலையோரமாகவே நின்றோம். காற்றில் தலையணை அளவு நுரை ஒன்று பிய்ந்து, மெதுவாக மிதந்து, எங்களுக்கு முன்னால் தார்ச்சாலையில் வந்து உட்கார்ந்தது.

குட்டி ஓரடி பின்வாங்கினான். காதை நிமிர்த்தி, தலையைச் சாய்த்துப் பார்த்தான். பிறகு ஆபரேஷனுக்குப் பின் முதல்முறையாக, வயிறு குலுங்க, தொண்டை கிழியக் குரைத்தான். நுரை அசையாததால் இன்னும் கோபம் வந்து, பாய்ந்து கவ்வப் போனான்.

"ஏய், ஏய், வாயில வைக்காத!" என்று நானும் அக்காவும் கணவரும் ஒன்றாகக் கத்திக்கொண்டு ஓடினோம். அக்காதான் முதலில் போய்ச் சேர்ந்தார்.